விசா வரும் முன்பே முழுப் பணம் கட்டலாமா?

கேள்வி: வரும் புத்தாண்டுக்கு சிட்னி போகத் திட்டமிட்டிருக்கிறோம். நான், கணவர், ஐந்து வயது மகள், 68 வயது மாமியார் என நான்கு பேர். என் தம்பி ஆஸ்திரேலியக் குடியுரிமை பெற்று, சிட்னியின் வென்ட்வொர்த்வில் பகுதியில் குடும்பத்துடன் இருக்கிறான். எங்கள் ஊர் டிராவல் ஏஜென்ட் ஒருவர் விமான டிக்கெட், ஹோட்டல், விசா, வாணவேடிக்கை பார்க்க இடம் எல்லாம் சேர்த்து 12 லட்சம் ரூபாய் கேட்கிறார். முழுத் தொகையையும் இந்த மாதமே கட்ட வேண்டுமாம். "விசா நூறு சதவீதம் கேரண்டி" என்று வாயால் சொல்கிறார். கொடுத்த படிவத்திலோ, "விசா மறுக்கப்பட்டால் செலுத்திய தொகை எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது" என்று இருக்கிறது. எங்கள் வங்கி இருப்பு குறைவாக இருப்பதால், "நாங்களே உங்கள் கணக்கில் பணம் போட்டுக் காட்டிவிடுகிறோம், விசா வந்ததும் எடுத்துக்கொள்கிறோம்" என்றும் சொல்கிறார். ஹோட்டலுக்குப் பதிலாக டார்லிங் துறைமுகம் பக்கம் ஒரு அடுக்குமாடி வீட்டை இணையத்தில் பார்த்தேன். அதன் உரிமையாளர், தளத்தை விட்டு நேரடியாக வங்கியில் பணம் அனுப்பினால் தள்ளுபடி தருவதாகச் சொல்கிறார். இவற்றில் எதை நம்புவது? மாமியாரின் மருந்து, பொடி, ஊறுகாய் எடுத்துப் போகலாமா? தம்பியின் காரை என் கணவர் ஓட்டலாமா?

– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: சகோதரி, உங்கள் கேள்விகளில் மிகவும் ஆபத்தானது அந்த 12 லட்சம் அல்ல, வங்கிக் கணக்கில் "பணம் போட்டுக் காட்டுகிறோம்" என்ற பேச்சுதான். பணம் போனால் வழக்குப் போட்டு மீட்க வழி உண்டு. பொய்க் கணக்கு காட்டியதாக ஆஸ்திரேலியக் குடிவரவுத் துறையின் பதிவேட்டில் பெயர் ஏறினால் அதை அழிப்பது எளிதல்ல. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இரவல் பணமும் விசாவும்

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் சுற்றுலாவுக்கு விண்ணப்பிப்பது சப்கிளாஸ் 600 எனப்படும் வருகையாளர் விசாவுக்கு. அங்கே அதிகாரி முக்கியமாகப் பார்ப்பது ஒன்றைத்தான்: இவர்கள் உண்மையாகவே தற்காலிகமாகத்தான் வருகிறார்களா, தங்கும் செலவுக்கு வழி இருக்கிறதா? பெரிய தொகை இருக்க வேண்டும் என்பதைவிட, இருக்கும் தொகை எங்கிருந்து வந்தது என்பதே பெரிய கேள்வி. மாதச் சம்பளம் வந்து போகும் கணக்கில் திடீரென்று ஐந்து லட்சம் வந்து விழுந்தால், அதுவே சந்தேகத்தைக் கிளப்பும்.

போலி ஆவணமோ, தவறான தகவலோ தரப்பட்டால் விசாவை மறுக்க, ஆஸ்திரேலியக் குடிவரவு விதிகளில் '4020' என்ற பொதுநல நிபந்தனை இருக்கிறது. அதன் கீழ் மறுக்கப்பட்டால், அந்த நிபந்தனை பொருந்தும் எந்த விசாவும் மூன்று ஆண்டுகளுக்குக் கிடைப்பது கடினம். அடையாளத்தையே மறைத்திருந்தால் பத்து ஆண்டுகள். இந்தத் தடை தவறு செய்தவரோடு நிற்பதில்லை, குடும்ப உறுப்பினர்களையும் பிடிக்கும்.

"ஏஜென்ட் செய்தார், எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்பிக்க முடியுமா? பெரும்பாலும் முடியாது. விண்ணப்பத்தை வேறொருவர் நிரப்பினாலும், விண்ணப்பதாரரே நிரப்பியதாகத்தான் கொள்ளப்படும் என்கிறது 1958-ஆம் ஆண்டு குடிவரவுச் சட்டத்தின் 98-ஆவது பிரிவு. இந்த 4020 நிபந்தனையைப் பற்றி 2014-இல் ஆஸ்திரேலிய ஃபெடரல் நீதிமன்றத்தின் முழு அமர்வு ஒரு தீர்ப்பு சொன்னது. தகவலில் யாரோ ஒருவரின் ஏமாற்று நோக்கம் இருந்தாக வேண்டும். ஆனால் அது விண்ணப்பதாரருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்பதே அதன் சாரம். நீங்களோ எல்லாம் தெரிந்தே சம்மதிக்கப் போகிறீர்கள்.

நேர்மையான வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. கணவரின் சம்பளச் சான்று, வருமான வரிக் கணக்கு, அலுவலக விடுப்புக் கடிதம், மகளின் பள்ளிச் சான்று, சொத்து இருந்தால் அதன் நகல் ஆகியவற்றை வையுங்கள். தங்கும் செலவில் ஒரு பகுதியைத் தம்பி ஏற்பதாக இருந்தால், அதை அவர் அழைப்புக் கடிதத்தில் எழுதி, தன் வருமானச் சான்றையும் இணைக்கட்டும். உங்கள் கணக்கில் இருப்பதை இருக்கிறபடியே காட்டுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஊர் சுற்றிப் பார்க்க மட்டும் போகிறவருக்கு வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்து விசா மறுக்கப்பட்டால், பொதுவாக மேல்முறையீடு கிடையாது. ஆனால் ஆஸ்திரேலியக் குடிமகனோ நிரந்தரவாசியோ ஆன பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளை, உடன்பிறந்தவர் ஆகியோரைப் பார்க்கப் போவதாக, அவர்களின் விவரத்தோடு விண்ணப்பத்தில் குறிப்பிட்டிருந்தால், அந்த உறவினர் அங்குள்ள நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். 2024 அக்டோபரில் பழைய தீர்ப்பாயத்துக்குப் பதிலாக வந்த அமைப்பு இது. 'சுற்றுலா' என்று மட்டும் எழுதிவிட்டு தம்பியின் பெயரை விட்டுவிட்டால், இந்த உரிமையை நீங்களே கைகழுவியதாக ஆகும். கணவர், மாமியார் விண்ணப்பங்களிலும் தம்பியின் விவரத்தை எழுதுங்கள். மறுஆய்வு உரிமை மட்டும் அவரவருக்கும் தம்பிக்கும் உள்ள உறவைப் பொறுத்தது.

விண்ணப்பத்தை ஏஜென்ட் மூலம் போட்டாலும், அதில் உங்கள் சொந்த மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் இருக்க வேண்டும். சமர்ப்பிப்பதற்கு முன் முழு விண்ணப்பத்தையும் வாங்கி வரி வரியாகப் படியுங்கள். விசா கிடைத்தால் பாஸ்போர்ட்டில் ஒட்டுச்சீட்டு எதுவும் வராது. மின்னணு விசாதான், அதன் கடிதத்தில் உள்ள நிபந்தனை எண்களைப் பாருங்கள். 8101 என்றால் அங்கே வேலை செய்யக்கூடாது. 8503 என்றால், சில விலக்குகள் தவிர, அங்கிருந்தபடியே வேறு விசாவுக்கு விண்ணப்பிக்க முடியாது.

ஏஜென்டின் படிவம் செல்லுமா?

விசா கொடுப்பது ஆஸ்திரேலிய அரசு. எந்த ஏஜென்டும் அதற்கு உத்தரவாதம் தர முடியாது. 'நூறு சதவீதம் கேரண்டி' என்று அவர் விளம்பரத்திலோ வாட்ஸ்அப்பிலோ எழுதியிருந்தால் அதைப் பத்திரமாக வையுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறாக வழிநடத்தும் விளம்பரம், நியாயமற்ற வணிக நடைமுறை என்ற இரண்டின் கீழும் அதைக் கொண்டுவர முடியும்.

'எக்காரணம் கொண்டும் திருப்பித் தரமாட்டோம்' என்ற வரி இருப்பதாலேயே முழுப் பணமும் அவருக்குச் சொந்தமாகிவிடாது. ஒப்பந்த மீறலுக்கு நியாயமான இழப்பீட்டை மட்டுமே பெறலாம் என்பது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு. உண்மையான இழப்புக்குச் சற்றும் பொருந்தாத தண்டத்தை விதிக்கும் ஷரத்தை 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்கிறது நுகர்வோர் சட்டத்தின் 2(46) பிரிவு. விசா கட்டணம் திரும்ப வராது. அது அரசுக்குப் போய்விட்டது. ஏஜென்டின் சேவைக் கட்டணமும் போகலாம். விமான நிறுவனமும் ஹோட்டலும் ரத்துக்காகப் பிடித்த தொகையை, அவற்றின் ரசீதைக் காட்டி அவர் கழித்துக்கொள்ளலாம். மீதியை வைத்துக்கொள்ள அவருக்கு என்ன நியாயம் என்று நுகர்வோர் ஆணையம் கேட்கும்.

ஆனாலும் வழக்குப் போட்டு வாங்குவதைவிட, கொடுக்காமல் இருப்பது எளிது. புத்தாண்டு சமயத்தில் சிட்னி ஹோட்டல்களில் ரத்து செய்ய முடியாத கட்டணங்கள் சகஜம் என்பதால், ஏஜென்டிடம் மூன்று தவணை கேளுங்கள்: இப்போது விசா கட்டணமும் ஒரு சிறு முன்பணமும்; விசா கடிதம் வந்ததும் டிக்கெட்டுக்கான தொகை; ஹோட்டல் உறுதிச்சீட்டு உங்கள் பெயரில் வந்த பிறகு மீதி. ரத்து செய்தால் எந்தத் தேதி வரை எவ்வளவு பிடிப்பார்கள் என்பதைப் படிவத்திலேயே எழுதி வாங்குங்கள். வெளிநாட்டுச் சுற்றுலா பேக்கேஜ் விற்பவர் டி.சி.எஸ். வரியும் பிடிக்க வேண்டும். 12 லட்சத்தில் அது அடக்கமா என்று கேளுங்கள். உங்கள் பான் எண்ணில் அது செலுத்தப்பட்டிருந்தால், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

தகராறு வந்தால் கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் செய்யலாம்; 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்ற புகார் மட்டும் மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய் வரையிலான புகார்களை மாவட்ட ஆணையம் விசாரிக்கும். காலக்கெடு இரண்டு ஆண்டுகள். 10 முதல் 20 லட்சம் வரையிலான தொகைக்குப் புகார்க் கட்டணம் 400 ரூபாய். வழக்கறிஞர் இல்லாமலும் வாதிடலாம். முதல் படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள்.

வாணவேடிக்கை இடம்

"துறைமுகப் பாலத்துக்கு எதிரே இடம் பிடித்துத் தருகிறேன்" என்று ஏஜென்ட் சொன்னால், எந்த இடம், எந்தப் பூங்கா, டிக்கெட் யார் பெயரில் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அங்கே கரையோரத்தில் பல இடங்கள் இலவசம். ஆள் நிரம்பியதும் வாயிலை மூடிவிடுவார்கள். சில இடங்களுக்கு மட்டும் டிக்கெட் உண்டு. மறுவிற்பனைக்குக் கட்டுப்பாடு உள்ள டிக்கெட்டை, அசல் விலைக்கு மேல் 10 சதவீதத்துக்கும் அதிகமாக வைத்து விற்க நியூ சவுத் வேல்ஸ் மாநிலச் சட்டம் 2018 முதல் தடை விதித்திருக்கிறது. இலவச இடத்துக்கே உங்களிடம் காசு வாங்கிவிடப் போகிறார்கள், கவனம். ஐந்து வயதுக் குழந்தைக்கு நள்ளிரவு வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரவு ஒன்பது மணிக்கே ஒரு வாணவேடிக்கை நடத்துவது அங்கே வழக்கம்.

அடுக்குமாடி வீடு

தளத்துக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். அனுப்பிய நொடியில் தளத்தின் பாதுகாப்பும், கார்டு வங்கி மூலம் பணத்தைத் திரும்பக் கேட்கும் வழியும் போய்விடும். சிட்னியில் ஒரு வீட்டைக் குறுகிய காலத்துக்கு வாடகைக்கு விட, அது மாநில அரசின் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்பது 2021 நவம்பர் முதல் விதி. உரிமையாளர் உடன் தங்காத வீடு என்றால், பெருநகர சிட்னியில் ஆண்டுக்கு 180 நாள்தான் விடலாம். 21 நாளும் அதற்கு மேலும் தொடரும் முன்பதிவு இந்தக் கணக்கில் சேராது. உரிமையாளர் தானே குடியிருக்காத வீட்டை இப்படி விடக்கூடாது என்று அடுக்குமாடிச் சங்கம் சிறப்புத் தீர்மானம் போடவும் அங்கே சட்டம் இடம் தருகிறது. ஆகவே "பதிவு எண் என்ன? உங்கள் கட்டடத்தில் தடை ஏதும் உண்டா?" என்று எழுதிக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு வீடு பாருங்கள்.

தங்குகிறவருக்கும் நடத்தை விதிகள் உண்டு. இரவில் சத்தம், பொது இடத்தில் இடையூறு என்று இரண்டு ஆண்டுக்குள் இரண்டு முறை நடவடிக்கைக்கு ஆளானால், ஐந்து ஆண்டு அங்கே அப்படி எந்த வீட்டிலும் தங்க முடியாதபடி பெயரைத் தடைப் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள்.

பொடி, ஊறுகாய், மருந்து

ஒரே விதி: கையில் இருக்கும் எல்லா உணவையும் வருகைப் படிவத்தில் 'ஆம்' என்று குறியுங்கள். அறிவித்த பொருளை அதிகாரி எடுத்துக்கொண்டால் பொருள் போகும், அபராதம் இல்லை. மறைத்தால் ஆயிரக்கணக்கான டாலர் அபராதம் வரலாம், விசாவே ரத்தாகலாம். 2019 அக்டோபரில் சிட்னி விமான நிலையத்தில் பன்றி இறைச்சி உள்ளிட்ட உணவை அறிவிக்காமல் கொண்டுவந்த வியட்நாம் பயணி ஒருவரின் சுற்றுலா விசாவை அங்கேயே ரத்து செய்து திருப்பி அனுப்பினார்கள். பச்சைக் கறிவேப்பிலை, பழம், விதை, பால்கோவா, பேடா போன்ற பால் இனிப்புகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பொடியும் ஊறுகாயும் கடையில் வாங்கிய, பிரிக்காத பொட்டலமாக இருந்தால் சோதனை எளிதாக முடியும்.

மாமியாருக்கு மூன்று மாதத்துக்கு மேற்படாத மருந்து, அசல் அட்டையோடு, ஆங்கிலத்தில் மருத்துவர் கடிதத்தோடு இருக்கட்டும். இந்தியப் பயணிகளுக்கு ஆஸ்திரேலியாவின் மெடிகேர் என்ற அரசு மருத்துவ உதவி கிடையாது. அதனால் பயணக் காப்பீடு எடுக்கும்போது ரத்த அழுத்தம், சர்க்கரை எது இருந்தாலும் சொல்லிவிடுங்கள். மறைத்தால் மருத்துவமனைப் பில் உங்கள் தலையில்தான் விழும்.

கார்

செல்லுபடியாகும், ஆங்கிலத்தில் உள்ள நம் ஓட்டுநர் உரிமத்தோடு கணவர் ஓட்டலாம். அசல் அட்டை கையில் இருக்க வேண்டும். ஏழு வயதுக்குட்பட்ட மகளுக்குக் குழந்தை இருக்கை கட்டாயம். கைபேசியைப் பிடித்தாலும், சீட் பெல்ட் போடாவிட்டாலும் சாலைக் கேமரா படம் பிடிக்கும். அபராதக் கடிதம் வண்டி உரிமையாளரான உங்கள் தம்பி பெயருக்குத்தான் போகும். ஓட்டியவர் யார் என்று அவர் எழுதித் தர வேண்டிவரும். வண்டியின் காப்பீடு வேறொருவர் ஓட்டுவதை ஏற்குமா என்று தம்பியிடம் முதலிலேயே கேளுங்கள்.

முடிவாக: அந்தப் படிவத்தில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். "இரவல் பணம் வேண்டாம், தவணையாகத்தான் கட்டுவோம்" என்று ஏஜென்டுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ஒப்புக்கொண்டால் மேலே பேசுங்கள். மறுத்தால் அவரை விட்டுவிட்டு, குடிவரவுத் துறையின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பியுங்கள். அதற்கு ஏஜென்ட் கட்டாயம் இல்லை.