கூறுகளைத் தேடும் நெறி

ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் பெரிய நிரலொன்றை ஆக்குவோர் அதனை ஒரே கோப்பில் எழுதுவதில்லை. பல கோப்புகளாகப் பகுத்து, ஒன்றிலுள்ளதை மற்றொன்றில் வரவழைப்பர். இவ்வாறு பகுத்த கோப்பு மொடியூல், அதாவது கூறு, எனப்படும். வரவழைக்க எழுதும் முகவரியைக் கணினி எவ்வாறு பொருள்கொள்கிறது என்பதை, கற்கப் புகும் மாணாக்கர் தெளிதல் வேண்டும். தெளியாதவிடத்து, வீட்டில் நன்கு இயங்கிய நிரல் பரீட்சகர் முன்னிலையில் இயங்காதொழியும்.

முகவரி இருவகைப்படும். முதலாவது சார்பு முகவரி. நம் வாவியின் எழுவான்கரையில் நிற்பவர் 'அக்கரை' என்றால் அது படுவான்கரையைக் குறிக்கும். படுவான்கரையில் நிற்பவர் அச்சொல்லையே சொன்னால் அது எழுவான்கரையாகும். அவ்வாறே, ஒரு புள்ளியும் சாய்கோடும் கொண்டு தொடங்கும் முகவரி, 'இக்கோப்பு இருக்கும் கோப்புறையில்' எனப் பொருள்படும். இரு புள்ளிகளும் சாய்கோடும் அதற்கு மேலுள்ள கோப்புறையைச் சுட்டும். நிரலை எங்கிருந்து இயக்கினோம் என்பது கணக்கன்று. முகவரி எழுதப்பட்ட கோப்பு எங்குள்ளது என்பதே கணக்கு. ஆகவே, கோப்பை இடம்மாற்றினால் அதனுள் உள்ள சார்பு முகவரிகளையும் திருத்துதல் வேண்டும்.

இரண்டாவது வெறும் பெயர். றயன் டால் 2009இல் வெளியிட்ட நோட் அமைப்பு, அப்பெயர் தன்னகத்தே கொண்ட கூறுகளுள் உளதா என முதலிற் பார்க்கும். இன்றேல், வரவழைக்கும் கோப்பின் பக்கத்திலுள்ள 'நோட் மொடியூல்ஸ்' என்னும் கோப்புறையில் தேடும். அங்கும் இன்றேல், படிப்படியாக மேலேறி, வேர்க் கோப்புறை வரை தேடும். முதலிற் கண்டதே கொள்ளப்படும். இதனாலேயே ஒரு பொதியின் இரு பதிப்புகள் ஒரே நிரலில் ஒருங்கே இருத்தல் கூடும்.

கோப்புப் பெயரின் இறுதியில் வரும் 'ஜேஎஸ்' என்னும் நீட்சியை விட்டெழுதினும், பழைய 'ரிக்குவயர்' ஆணை தானே ஊகித்துத் தேடும். 2015ஆம் ஆண்டுத் தரநிர்ணயத்தில் வந்த 'இம்போட்' ஆணையைக் கையாளும்போதோ, நோட் அமைப்பில் சார்பு முகவரியை நீட்சியுடன் முழுதாக எழுத வேண்டும். நீட்சியை விட இடமளித்தமைக்கு டால் அவர்களே 2018இல் பேர்லின் நகரில் ஆற்றிய உரையில் வருந்தினார்.

இன்னுமொன்று. விண்டோஸ் கணினி பெரிய எழுத்து, சிற்றெழுத்து வேறுபாட்டைப் பொதுவாகப் பாராட்டாது, லினக்ஸ் பாராட்டும். வீட்டில் இயங்கியது சேவையகத்தில் இயங்காமைக்கு அடிக்கடி இதுவே காரணமாம்.

ஆதலால் மாணாக்கர்காள்! முகவரியை எழுதுமுன் 'இக்கோப்பு எங்கே நிற்கிறது?' என வினவுக. பெயரை எழுத்துப் பிசகாது, நீட்சியுடன் எழுதுக. பிழை நேர்ந்தவிடத்தும், கணினி தேடிய வழியே நீங்களும் படிப்படியாகத் தேடிச் சென்றால், அது ஒளிந்திருக்கும் இடம் புலப்படும்.