நோயாளியின் மனநிலையை மதிப்பிடுதல்
(செவிலியர், களப்பணியாளர், பயிற்சியாசிரியர் ஆகியோர்க்கு ஒரு பாடம்)

நாடித் துடிப்பு, உடல் வெப்பம், மூச்சின் எண்ணிக்கை, இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் குறித்த நேரத்தில் அளந்து எழுதுவது செவிலியரின் அன்றாடக் கடமை. நோயாளியின் மனநிலையையும் அவ்வாறே ஒழுங்காக நோக்கி எழுதுதல் வேண்டும். ஆயினும் பல குறிப்பேடுகளில் இதுபற்றி 'அமைதியாக உள்ளார்' அல்லது 'குழப்பமாக உள்ளார்' என்னும் இரண்டொரு சொற்களே காணப்படுகின்றன. இச்சொற்களால் நேரக்கூடிய தீங்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம்.

ஓர் எடுத்துக்காட்டு

சார்க்கண்டு மாநிலத்து மாவட்ட மருத்துவமனை ஒன்றில், தொடையெலும்பு முறிந்து அறுவை செய்துகொண்ட எழுபது வயது உழவர் ஒருவர் படுத்திருப்பதாகக் கொள்வோம். அறுவைக்குப் பின் மூன்றாம் நாள் அவர் பெரும்பாலும் கண்மூடிக் கிடக்கிறார், உணவை மறுக்கிறார், வினவினால் விடை தருவதில்லை. பகற்பணியிலிருந்த செவிலியர் 'அமைதியாக உறங்குகிறார்' என எழுதிச் செல்கிறார். இரவுப் பணிக்கு வந்தவர், முதியவரின் தாய்மொழி சந்தாலி என்பதை அறிந்து, அவருடைய மருமகளைத் துணைக்கு அழைக்கிறார். "நேற்று மாலை பேரனைப் பெயர் சொல்லி அழைத்துப் பேசினார், இன்று காலைமுதல்தான் இப்படி" என்கிறார் மருமகள். கிழமைகளின் பெயர்களைப் பின்னிருந்து முன்னாகச் சொல்லுமாறு கேட்டபோது, முதியவர் இரண்டு பெயர் சொல்லி, பேச்சை மறந்து, மீண்டும் கண்ணயர்கிறார்.

செவிலியர் உடனே வெப்பம், மூச்சு, இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, சர்க்கரை அளவு ஆகியவற்றைப் பார்த்து, அடிவயிற்றையும் தொட்டுப் பார்க்கிறார். சிறுநீர்ப்பை புடைத்திருக்கிறது, முதல்நாள் இரவுமுதல் சிறுநீர் பிரியவில்லை. மருத்துவர்க்கு அறிவிக்கப்படுகிறது, சிறுநீர் வெளியேற்றப்படுகிறது, மயக்கந்தரும் மருந்தின் அளவு திருத்தப்படுகிறது. இரண்டு நாட்களில் முதியவர் தெளிவடைகிறார். 'அமைதி' எனப் பகலில் எழுதப்பட்டது உண்மையில் ஒரு நோய்க்குறியே.

மூன்று நிலைகளைப் பிரித்தறிதல்

டெலிரியம் என்பது சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ தோன்றும் குழப்பநிலை. காய்ச்சலில் பிதற்றுவதை நம் முன்னோர் ஜன்னி என்றனர். ஆனால் டெலிரியம் கொண்டவர் அனைவரும் பிதற்றுவதில்லை. சிலர் கூச்சலிட்டுக் கட்டிலை விட்டு எழ முயல்வர். சிலர் ஒடுங்கிக் கிடப்பர். பின்னவரே கவனிப்பாரின்றி விடப்படுகின்றனர்.

டிமென்ஷியா என்னும் மறதிநோய் பல திங்கள்களிலும் ஆண்டுகளிலும் மெல்ல வளர்வது. தொடக்கத்தில் விழிப்புநிலை குன்றாது. மனச்சோர்வு பெரும்பாலும் சில வாரங்களில் உருவாவது. துயரமும், எதிலும் நாட்டமின்மையும், உறக்கமும் பசியும் கெடுதலும் அதில் மேலோங்கும்.

1990-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியிடப்பட்ட ஒரு முறை டெலிரியத்தை அறிய நான்கு அடையாளங்களைக் கூறுகிறது: (1) திடீரெனத் தோன்றி ஏறியிறங்கும் போக்கு, (2) கவனமின்மை, (3) தொடர்பற்ற சிந்தனை, (4) விழிப்புநிலையில் மாற்றம். முதல் இரண்டும் இருந்து, மற்ற இரண்டில் ஒன்றேனும் சேர்ந்தால் டெலிரியம் என ஐயுறல் வேண்டும். இதனை அறிய உறவினரிடம் கேட்கவேண்டிய இன்றியமையா வினா ஒன்றே: "இவர் வழக்கமாக இப்படியா? எப்போதுமுதல் இந்த மாற்றம்?"

காரணங்கள் பல. நோய்த்தொற்று, ஆக்சிஜன் குறைவு, சர்க்கரைத் தாழ்வு, நீரிழப்பு, சோடியம் குறைதல், வலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தேக்கம், மயக்க மருந்துகள் ஆகியவை பொதுவானவை. மலேரியா பரவும் வனப்பகுதிகளில் மூளையைத் தாக்கும் மலேரியாவையும், வடநாட்டுக் கோடையில் வெப்பத்தாக்கையும் மறத்தலாகாது. நாள்தோறும் மது அருந்தியவர் மருத்துவமனையில் சேர்ந்த இரண்டாம் நாள்முதல் நான்காம் நாள்வரை நடுக்கமும் பிரமையும் கொண்டால், மது நின்றதன் விளைவாக இருக்கலாம். அது உயிர்க்கு ஆபத்தானது.

நோக்க வேண்டியவை

விழிப்புநிலையை முதலில் காண்க. அது குன்றியிருப்பின் மற்ற வினாக்கள் பயன் தரா. 1974-ஆம் ஆண்டு டீஸ்டேல், ஜென்னட் என்னும் இருவர் வகுத்த கிளாஸ்கோ அளவையில் கண் திறத்தலுக்கு 4, பேச்சுக்கு 5, உடலசைவுக்கு 6 என மிகுதியான எண்கள் உள்ளன. மொத்தம் 15-க்கு மேற்படாது. 3-க்குக் கீழும் செல்லாது. மொத்தத்தை மட்டும் எழுதாது, மூன்றையும் தனித்தனியே எழுதுக.

அடுத்துப் பின்வருவனவற்றை வரிசையாக நோக்குக:

1. தோற்றமும் நடத்தையும்: உடை, தூய்மை, பார்வை, அமைதியின்மை.
2. பேச்சு: விரைவு, உரப்பு, தொடர்ச்சி.
3. மனவுணர்ச்சி: நோயாளி கூறுவதும், முகத்தில் தெரிவதும்.
4. சிந்தனை: ஆதாரமற்ற உறுதியான நம்பிக்கை, தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்.
5. புலனுணர்வு: இல்லாத உருவைக் காணல், இல்லாத குரலைக் கேட்டல்.
6. அறிவாற்றல்: காலம், இடம், ஆள் பற்றிய தெளிவு, கவனம், நினைவு.
7. தன்னிலை அறிவு: தமக்கு நோய் உண்டென உணர்தல், உதவியை ஏற்றல்.

இவற்றுட் பலவற்றைத் தனிச் சோதனையின்றி, முகம் துடைக்கும்போதும் மருந்து கொடுக்கும்போதும் உரையாடியே அறியலாம்.

வினாக்களை நோயாளிக்கு ஏற்ப அமைத்தல்

நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்வது, பள்ளி செல்லாதவரின் கவனத்தை அளக்காது. அவர் பெறாத கல்வியையே அளக்கும். 1975-ஆம் ஆண்டு வெளிவந்த முப்பது மதிப்பெண் கொண்ட மனநிலைத் தேர்வு, எழுதவும் படிக்கவும் தெரிந்தவரை மனத்திற்கொண்டது. ஆகவே அரியானாவின் வல்லப்கர் பகுதியில், எழுத்தறிவு இல்லாத சிற்றூர் முதியோர்க்கு ஏற்ற இந்தி வடிவம் ஒன்று ஆராய்ந்து அமைக்கப்பெற்று, 1995-இல் வெளியிடப்பட்டது. களப்பணியாளர் இதிலிருந்து கற்கவேண்டிய நெறி தெளிவானது. ஆங்கிலத் தேதி தெரியாதவரிடம் கிழமையையும், நடக்கும் பருவத்தையும், அண்மையில் வந்த திருவிழாவையும் கேட்கலாம். சில்லறைக் கணக்கும் கேட்கலாம்.

வினவுமுன் காது கேட்கிறதா, மூக்குக் கண்ணாடி கைவசம் உள்ளதா, மொழி புரிகிறதா என்பவற்றை உறுதி செய்க. சமூகத்தார் அனைவரும் கொண்டுள்ள நம்பிக்கையை நோயெனக் கொள்ளற்க. கணவரை இழந்த மூதாட்டி சில நாட்கள் அவர் குரலைக் கேட்டதாகக் கூறுவது துயரின் பகுதியாகவும் இருக்கலாம்.

தற்கொலை எண்ணம்பற்றி வினவுதல்

இவ்வினா அவ்வெண்ணத்தை ஊட்டிவிடும் என்னும் அச்சம் பலரிடம் உண்டு. அது சரியன்று. தனிமையில், கனிவுடன், படிப்படியாக வினவுக: "வாழ்க்கை வெறுத்துப்போனதாகத் தோன்றுகிறதா? உயிரை விட்டுவிடலாம் என நினைத்தது உண்டா? எப்படி என்று எண்ணியிருக்கிறீர்களா?" ஆம் எனில் நோயாளியைத் தனியே விடாது, பூச்சிமருந்து முதலியவற்றை எட்டாது அகற்றி, உடனே மருத்துவர்க்கு அறிவிக்க வேண்டும். 2022-இல் மைய அரசு தொடங்கிய டெலி-மானஸ் தொலைபேசி உதவியின் எண் 14416. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் செய்திகளை மறைவாகக் காக்கும் உரிமையை அளிக்கிறது. ஆதலின் பிற நோயாளிகள் கேட்கும்படி வினவலாகாது. எனினும் உயிர்க்கு ஆபத்து உள்ளபோது மருத்துவர்க்குத் தெரிவித்தல் கடமையே.

குறிப்பெழுதும் முறை

முடிவை எழுதுமுன் கண்டதை எழுதுக. 'குழப்பமாக உள்ளார்' என்பதற்கு மாறாக, "இரவு 2 மணி: அழைத்தால் கண் திறக்கிறார். இடத்தைத் தம் வீடென்கிறார். கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்ல இயலவில்லை. நேற்று மாலை தெளிவாக இருந்ததாக மருமகள் கூறுகிறார்" என எழுதினால், காலையில் வருபவர் ஒப்பிட்டு நோக்க இயலும். இந்நிலை ஏறியிறங்கும் இயல்பினதாதலால், ஒவ்வொரு பணிமாற்றத்தின்போதும் மீண்டும் மதிப்பிடுக.

ஆசிரியர்க்கு

மாணவியர் இருவரை ஒரே நோயாளியிடம், அவர் இசைவுடன், தனித்தனியே அனுப்பிக் குறிப்பெழுதச் செய்க. இரு குறிப்புகளையும் வகுப்பில் படித்து, எவை கண்ட செய்திகள், எவை ஊகங்கள் எனப் பிரிக்கச் சொல்க. பின்னர்க் கீழ்க்காணும் வினாக்களைக் கேட்கலாம்:

1. மேற்கூறிய உழவர்க்கு மறதிநோய் என்று முடிவு செய்யாமைக்குக் காரணங்கள் யாவை?
2. மருமகள் உடன் இல்லாதிருப்பின், வழக்கமான நிலையை வேறு எவ்வழியில் அறியலாம்?
3. எழுத்தறிவு இல்லாத ஒருவரின் கவனத்தைச் சோதிக்க மூன்று வினாக்கள் அமைக்க.