பயிர் காட்டும் பழைய பள்ளங்கள்

இங்கிலாந்து நாட்டின் கோதுமை, பார்லி வயல்களுக்கு மேலே கோடைக்காலத்தில் விமானத்தில் பறப்போருக்குச் சில வேளைகளில் ஒரு விந்தை தென்படும். மஞ்சள் நிறமடைந்துவரும் பயிரினிடையே வட்டங்களும் சதுரங்களும் கரும்பச்சையில் வரைந்தாற்போல் விளங்கும். வரப்பில் நின்று நோக்கினால் அவை புலப்படா. இவற்றைப் பயிர்க்குறிகள் என்று கூறலாம். இவற்றை வானிலிருந்து படம்பிடித்து ஆராயும் கலைக்கு 1920களில் அடிகோலியவர்களுள் கிராஃபோர்டு என்னும் ஆங்கிலேய அறிஞர் முதன்மையானவர்.

முற்காலத்தார் வெட்டிய பள்ளம் நாளடைவில் தூர்ந்துவிடும். உழவர்கள் அதன்மீது பன்னூறாண்டுகள் உழுது சமனாக்கிவிடுவர். ஆயினும் பள்ளத்தை நிரப்பிய மண், சுற்றியுள்ள சரளை நிலத்தைக் காட்டிலும் ஈரத்தைத் தேக்கிவைக்கும். மழை பொய்த்த கோடையில் பயிரின் வேர் அந்த ஈரத்தை நாடி ஆழமாக இறங்கும். ஆதலால் அங்குள்ள பயிர் மட்டும் உயர்ந்து வளர்ந்து, காலந்தாழ்த்தி முற்றும். புதைந்த கற்சுவரின் மேலோ பயிர் குட்டையாகி முந்திப் பழுக்கும். 2018ஆம் ஆண்டின் கடும் வறட்சியில் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் அதுவரை அறியப்படாத குறிகள் பல வெளிப்பட்டன.

குறியைக் காண்பது எளிது. அதன் வயதைக் கூறுவதே அரிது. வட்டமான பள்ளங்களைக் கருதுவோம். அவற்றுட் பல, வெண்கலக் காலத்து ஈமமேடுகளைச் சூழ்ந்திருந்தவை. ஆனால், வட்டத்தின் நடுவே சிலுவை வடிவக் குறியும் இருந்தால் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். இடைக்காலத்துக் காற்றாலை முழுவதும் ஒரே பெருந்தூணின் மேல் நின்றது. அத்தூணைத் தாங்கக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு உத்தரங்களை மண்மேட்டில் பதிப்பர். மேட்டுக்கு மண் எடுத்த இடமே சுற்றுப் பள்ளமாயிற்று. இங்கிலாந்தில் காற்றாலை பற்றிய மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்று, 1185இல் யார்க்சயரின் வீட்லியில் இருந்த ஆலையைப் பற்றியது. எனவே அச்சிலுவைக் குறி அக்காலத்தைவிட மிக முற்பட்டதாய் இருத்தல் அரிது.

இத்துடன் வழக்குத் தீர்ந்ததா? இல்லை. பழைய ஈமமேட்டின் மீதே ஆலை கட்டியவர்களும் உண்டு! அங்கே சிலுவை இடைக்காலத்தது. வட்டமோ அதனினும் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் மூத்தது.

சதுரப் பள்ளங்களும் இவ்வாறே. 13, 14ஆம் நூற்றாண்டுகளில் செல்வர் தம் மனையைச் சுற்றி அகழி வெட்டினர். உரோமர் காலத்தவரும் சதுரமாக வெட்டினர். இடைக்கால உழவின் வரிவரியான மேடுகள் அகழியை ஒட்டி விலகிச் சென்றால், உழவு நடந்தபோது அகழி இருந்தது என்று கொள்ளலாம். அதன்மேலேயே ஓடினால், அகழி அதற்கு முன்னரே தூர்ந்திருக்கும். அண்மையில் புதைத்த குழாய்களும் அழித்த வேலிகளும்கூடக் குறிகளாய்த் தோன்றி நம்மை ஏய்க்கும்.

ஆகவேதான் ஆய்வாளர் தம் ஏட்டில் "இடைக்காலத்தது" என எழுதாமல், "இடைக்காலத்ததாக இருக்கலாம்" என எழுதுகின்றனர். இச்சிறு சொல்லை நாம் பெரிதும் மதிக்கிறோம். சாலை அமைப்போரும் அவ்வேட்டைப் பார்த்தே எங்கு முதலில் தோண்டி ஆராய வேண்டும் எனத் தீர்மானிக்கின்றனர். பள்ளத்தின் அடியில் கிடைக்கும் ஓர் உடைந்த பானை ஓடு, அந்த "லாம்" என்பதை நீக்கவும் கூடும்.