வாரத்துக்கு ஒன்று

கேள்வி: தன்னம்பிக்கை நூல்கள் நிறையப் படிக்கிறேன். படிக்கும்போது வரும் வேகம் சில நாளில் வடிந்துவிடுகிறதே, ஏன்?

பதில்: எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றப் பார்க்கிறீர்கள் என்று தோன்றுகிறது. பெஞ்சமின் பிராங்க்ளின் 13 நற்குணங்களைப் பட்டியலிட்டார். ஆனால் வாரத்துக்கு ஒன்றில்தான் முழுக் கவனம். சிறு நோட்டில் கட்டம் போட்டு, தவறிய நாளில் கரும்புள்ளி வைத்தார். 13 வாரம் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. ஆண்டுக்கு நான்கு சுற்று. அவற்றுள் ஒழுங்குதான் அவருக்கு மிகவும் சிரமம் தந்தது; அது கைவரவே இல்லை. அதையும் சுயசரிதையில் மறைக்காமல் எழுதினார். அந்நூலில் எனக்கு மிகப் பிடித்த இடம் அது.

புதிய புத்தகம் வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். படித்ததில் ஒரே பழக்கத்தை எடுத்து, நேரமும் இடமும் குறித்து எழுதுங்கள். 'தினமும் படிப்பேன்' போதாது. 'காலைக் காபி முடிந்ததும் திண்ணையில் அரை மணி படிப்பேன்' என்று இருக்கட்டும்.