வறுமைக்குக் காரணம் சோம்பலா, சூழலா?

முன்னுரை

உழைத்தால் உயரலாம் என்பதைச் சிறு வயது முதலே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வீட்டில் பெற்றோரும் பள்ளியில் ஆசிரியைகளும் அதையே நமக்குச் சொல்கின்றனர். அதே வேளையில், காலை முதல் இரவு வரை உழைத்தும் உயராத மக்களையும் நாம் நாள்தோறும் காண்கிறோம். பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இரவெல்லாம் கண்விழித்துச் சுண்டலும் மோரும் விற்கும் தாய்மார்களைச் சோம்பேறிகள் என்று யார் சொல்ல முடியும்? ஆயினும் அவர்களுள் பலர் ஏழைகளாகவே இருக்கின்றனர்.

அப்படியானால் வறுமை தனிமனிதரின் முயற்சிக் குறைவால் வருகிறதா? அல்லது அவர் வாழும் பொருளாதாரச் சூழ்நிலையால் வருகிறதா? இது பள்ளிப் பட்டிமன்றங்களில் அடிக்கடி வைக்கப்படும் தலைப்பு. எந்தக் கட்சிக்குக் கைதட்டல் மிகுதி என்று பாராமல், நம் மாவட்டத்து வயல்களே தரும் சான்றுகளைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

இரு கட்சிகளின் வாதம்

முயற்சியே காரணம் என்போர் கூறுவது இது: ஒரே தெருவில், ஒரே கூலி வாங்கும் இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. ஒன்று சிறுகச் சிறுகச் சேமித்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்து நிமிர்கிறது. மற்றொன்று குடியாலும் கடனாலும் சாய்கிறது. சூழ்நிலை ஒன்றுதானே? வேறுபட்டது மனிதர்தானே? இந்த வாதத்தில் உண்மை உண்டு, மறுப்பதற்கில்லை.

சூழ்நிலையே காரணம் என்போர் நம் மண்ணையே காட்டுகின்றனர். திருவண்ணாமலை மாவட்டம் பெரிதும் மழையையும் ஏரியையும் கிணற்றையும் நம்பியது. 1958-ல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணையின் நீர் மாவட்டத்தின் ஒரு பகுதிக்கே பாய்கிறது. மழை பொய்த்தால், மணிலா விதைத்தவர் எவ்வளவு சுறுசுறுப்பானவராயினும் செடி காய்ந்துதான் போகும். இந்த வாதத்திலும் உண்மை உண்டு.

திருவள்ளுவரும் 'ஆள்வினையுடைமை' என்னும் 62-ஆம் அதிகாரத்தில் முயற்சியின் பெருமையைக் கூறினார். 'நல்குரவு' என்னும் 105-ஆம் அதிகாரத்தில் வறுமையின் கொடுமையைக் கூறினார். ஒன்றைச் சொல்வதற்காக மற்றொன்றை அவர் மறைக்கவில்லை.

இரு மனிதர்களை ஒப்பிட்டால் வழக்கு முடியாது. ஏனெனில் அவர்களுக்குள் வேறுபாடுகள் பல. ஒரே மனிதரை எடுத்துக்கொண்டு, அவருடைய சூழ்நிலை மட்டும் மாறும்போது என்ன நிகழ்கிறது என்று பார்ப்பதே நியாயமான சோதனை. அத்தகைய சோதனை ஒன்று நம் மாவட்டத்திலேயே நடந்துள்ளது.

கரும்புக் கொல்லை கற்பித்த பாடம்

கரும்பு பயிரிடும் சிறு விவசாயிக்குப் பெருந்தொகை கைக்கு வருவது ஆண்டுக்கு ஒரு முறை, வெட்டு முடிந்த பிறகுதான். அந்தப் பணம் குறையக் குறைய, அடுத்த வெட்டுக்கு முந்திய மாதங்கள் நெருக்கடியான மாதங்களாகின்றன. எந்தக் கொல்லையை எப்போது வெட்டுவது என்பதை ஆலை முறை வைத்துத் தீர்மானிக்கிறது. ஆகவே ஒரே மாதத்தில் ஒருவர் கையில் பணம் இருக்கும். பக்கத்துக் கொல்லைக்காரர் இன்னும் காத்துக்கொண்டிருப்பார்.

ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் ஆகியோர் எல்தார் ஷபீர், ஜியாயிங் ஜாவோ என்னும் அறிஞர்களுடன் சேர்ந்து இந்த நிலையை ஆராய்ந்தனர். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை வெட்டுக்கு முன்னும் வெட்டுக்குப் பின்னும் சந்தித்தனர். படத்தில் விடுபட்ட பகுதியைக் கண்டுபிடிப்பது ஒரு சோதனை. 5 என்னும் எண் மூன்று முறை எழுதப்பட்டிருந்தால், 'ஐந்து' என்று சொல்லாமல் 'மூன்று' என்று விரைந்து சொல்வது மற்றொரு சோதனை. ஆய்வின் முடிவு 2013-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியாயிற்று.

அதே விவசாயிகள், வெட்டுக்குப் பின் கூடுதலான விடைகளைச் சரியாகவும் விரைவாகவும் கூறினார்கள். வெட்டுக்கு முன் அதிகம் தடுமாறினார்கள். இடையில் அவர்கள் புதிதாக எதுவும் படித்துவிடவில்லை. மாறியது கையிருப்பு மட்டுமே. வெட்டுக்கு முன் 100-க்கு 78 பேர் பொருள்களை அடகு வைத்திருந்தனர். வெட்டுக்குப் பின் அது 4 பேராகக் குறைந்தது. வட்டி எப்படிக் கட்டுவது, நகையை எப்போது மீட்பது என்னும் கவலையே சிந்தனையின் பெரும் பகுதியை விழுங்கிவிட்டது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் நடத்தப்பட்டு 2016-ல் வெளியான ஓர் ஆய்வில் இத்தகைய வேறுபாடு காணப்படவில்லை என்பதையும் நாம் மறைக்கக் கூடாது. ஆகவே இதுவே முடிந்த முடிவு அன்று. ஆயினும், 'கொஞ்சம் யோசித்திருந்தால் பிழைத்திருப்பான்' என்று ஏழையைக் குறித்துச் சொல்லும் முன், யோசிப்பதற்கும் சிறிது நிம்மதி வேண்டும் என்பதை இது நமக்கு நினைவூட்டுகிறது.

நெல் வயல் கண்ட மாற்றம்

நம் ஊர் வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்த காலம் அது. (1989-ல்தான் திருவண்ணாமலை தனி மாவட்டமாயிற்று.) 1973-74-ல் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் வட ஆர்க்காட்டில் 11 கிராமங்களை ஆராய்ந்தனர். புதிய நெல் ரகங்கள் அப்போது பரவலாகப் பயிரிடப்படவில்லை. சிறு விவசாயிகளுக்கும் கூலியாட்களுக்கும் அவற்றால் பெரும் பயன் கிட்டுமா என்னும் ஐயம் அன்று பலருக்கு இருந்தது.

பத்தாண்டுக்குப் பின் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பன்னாட்டு உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனமும் அக்கிராமங்களை மீண்டும் ஆராய்ந்தன. 1982-83 கொடிய வறட்சி ஆண்டு. விளைச்சலும் வேலையும் குன்றியிருந்தன. ஆனால் மழை திரும்பிய 1983-84-ல், சிறு விவசாயிகள் புதிய ரகங்களைப் பயிரிட்டு நல்ல விளைச்சல் கண்டிருந்தனர். நிலமற்ற கூலியாட்களின் உண்மை வருமானமும் பத்தாண்டுக்கு முன்பிருந்ததைவிட உயர்ந்திருந்தது. நெல்லோடு பால் மாடும் வயலுக்கு வெளியே கிடைத்த வேலைகளும் இதற்கு உதவின.

1973-ல் சோம்பேறிகளாக இருந்தவர்கள் 1983-ல் சுறுசுறுப்பானவர்களாகி விட்டார்களா? இல்லை. விதை, உரம், கிணற்றுக்கு மின்சாரம், கடன் வசதி, சந்தை ஆகியவை வந்தன. அவை வந்த பிறகு மக்கள் தங்கள் முயற்சியால் அவற்றைப் பயனாக்கினார்கள். வாய்ப்பு வராமல் முயற்சி பலிக்கவில்லை. முயற்சி இல்லாமல் வாய்ப்பும் பலித்திராது.

ஒரு பசு செய்த வேலை

இனி நம்மைப் போன்றே நெல் விளையும் வங்கதேசத்தைப் பார்ப்போம். அங்கே 'பிராக்' என்னும் தொண்டு நிறுவனம், கிராமங்களில் மிக வறிய பெண்களுக்குப் பசு போன்ற உடைமையையும் அதைப் பேணும் பயிற்சியையும் இலவசமாக அளித்தது. இலவசமாகக் கொடுத்தால் மக்கள் சோம்பேறிகளாகி விடுவார்கள் என்று சொல்வதுண்டு. ஆராய்ந்தபோது கண்டது இதற்கு நேர்மாறானது: அப்பெண்கள் முன்பைவிட அதிக மணி நேரம் உழைத்தார்கள். முன்பு அவர்கள் சும்மா இருந்த நாள்கள், வேலை கிடைக்காமல் இருந்த நாள்களே.

திருவிவிலியத்தில் திராட்சைத் தோட்டத்து உவமையை நாம் அறிவோம். மாலை வரை சந்தை வெளியில் நின்றவர்களைப் பார்த்து ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டபோது, தங்களை யாரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்றே அவர்கள் விடை கூறினார்கள்.

வங்கதேச ஆய்வில் மற்றொரு செய்தியும் உண்டு. பசுவோடு வேறு சிறு உடைமைகளும் சேர்ந்து ஓர் அளவைத் தாண்டியவர்கள் மேலும் மேலும் உயர்ந்தார்கள். அந்த அளவை எட்டாதவர்கள் மீண்டும் பழைய வறுமைக்கே சரிந்தார்கள். 2022-ல் வெளியான இந்த முடிவு கூறுவது யாதெனில், வறுமை ஓர் ஆழமான கிணறு போன்றது. பாதிக் கிணறு வரை தொங்கும் கயிற்றால் பயனில்லை.

பெண்களும் வாய்ப்பும்

மாணவியராகிய நாம் சிறப்பாக எண்ண வேண்டியது ஒன்று உண்டு. இந்துக் குடும்பங்களில் மூதாதையர் சொத்தில் மகளுக்கும் மகனைப் போல் சம உரிமை என்னும் சட்டம் தமிழ்நாட்டில் 1989-ல்தான் வந்தது. அதற்கு முன் திருமணமானவர்களுக்கு அப்போது அது பொருந்தவில்லை. 2005-ல்தான் நாடு முழுவதற்கும் அத்தகைய உரிமை வந்தது. அதற்கு முன் வாழ்ந்த பெண்களிடம் நிலம் இல்லாமற் போனதற்கு அவர்கள் சோம்பலா காரணம்?

2006 பிப்ரவரி 2-ஆம் நாள் ஊரக வேலை உறுதித் திட்டம் முதலில் தொடங்கப்பட்ட மாவட்டங்களுள் நம் மாவட்டமும் ஒன்று. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றதும், ஏரிக் கரைகளில் மண் வெட்டவும் சுமக்கவும் தமிழ்நாட்டில் மிகுதியாக வந்தவர்கள் பெண்களே. இன்று செய்யாற்றில் காலணி செய்யும் தொழிற்சாலைக்கு நாள்தோறும் பேருந்துகளில் சென்று வருவோரில் பெரும்பாலோர் கிராமத்துப் பெண்களே. அவர்களுடைய கைகளின் திறமை புதிதாகப் பிறந்ததன்று. வேலைதான் புதிதாக வந்தது.

தனிமனிதர் பொறுப்பு

அப்படியாயின் தனிமனிதருக்குப் பொறுப்பே இல்லையா? உண்டு. குடி, சூதாட்டம், தகுதிக்கு மீறிய சீர்வரிசை, கணக்கில்லாச் செலவு ஆகியவை குடும்பங்களை அழிப்பதை நாம் கண்ணால் காண்கிறோம். ஆனால் இக்குற்றங்கள் செல்வர் வீட்டிலும் உண்டு. அங்கே ஒருவர் குடித்தாலும் பிள்ளையின் பள்ளிக் கட்டணம் நிற்பதில்லை. செல்வர் செய்யும் தவறு பாடமாகிறது. ஏழை செய்யும் தவறு பட்டினியாகிறது. ஆகவே ஏழையின் முயற்சி நம்முடையதைவிடப் பன்மடங்கு பிழையற்றதாக இருக்க வேண்டியுள்ளது. அதை அவரிடம் எதிர்பார்ப்பது எவ்வளவு கடுமை!

நாம் செய்யத் தக்கவை

கரும்பு வெட்டவும் செங்கல் சூளை வேலைக்கும் பெற்றோர் வெளியூர் செல்லும்போது, சில மாணவியர் பல நாள் பள்ளிக்கு வர இயலாமற் போகிறது. திரும்பி வரும் தோழியிடம், 'ஏன் படிக்கவில்லை?' என்று கேட்பதை விட, விடுபட்ட பாடங்களின் குறிப்பேட்டைக் கொடுத்து உடன் அமர்ந்து சொல்லித்தருவது மேல். கட்டணம் தாமதமானவர், கிழிந்த சீருடை அணிந்தவர் ஆகியோரைப் பிறர் முன் சுட்டிக்காட்டாதிருப்போம்.

காமராசர் காலத்தில் 1956-ல் தொடங்கிய மதிய உணவும், 1982-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும், 2022-ல் தொடங்கிய காலை உணவும் பிள்ளைகளின் முயற்சிக்கு அடித்தளம் இட்டவை. அவற்றை உண்பவரை இகழ்வது அறியாமை.

பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம்: நெருக்கடி மாதத்தில் மகளின் படிப்பை முதல் செலவுக் குறைப்பாக எண்ணாதீர்கள். அடகு வைத்த நகையை மீட்டுவிடலாம். நிறுத்திய படிப்பை மீட்பது அரிது.

முடிவுரை

முயற்சி என்பது விதை. சூழ்நிலை என்பது நிலமும் நீரும். காய்ந்த கொல்லையில் விதை முளைக்காததற்கு விதையைப் பழிப்பது முறையன்று. நீர் பாய்ந்த நிலத்தில் விதைக்காமல் இருப்பதும் முறையன்று. ஆகவே நம்மைப் பற்றி எண்ணும்போது, 'நான் போதிய அளவு முயன்றேனா?' என்று கேட்போம். பிறரைப் பற்றி எண்ணும்போது, 'அவருக்குப் போதிய வாய்ப்பு இருந்ததா?' என்று கேட்போம். இவ்விரு கேள்விகளையும் இடம் மாற்றிக் கேட்பதால்தான் உலகில் இரக்கமும் குறைகிறது, உழைப்பும் குறைகிறது.