ஏர்பேக் விரியவில்லை: காரை ஒப்படைக்கலாமா?

கேள்வி: ஐந்து மாதங்களுக்கு முன் உளுந்தூர்பேட்டை அருகே எங்கள் கார் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் நேராக மோதியது. முன்பக்கம் நொறுங்கியும் இரண்டு ஏர்பேக்கும் விரியவில்லை. சீட் பெல்ட் போட்டிருந்தும் ஓட்டிவந்த என் கணவருக்குத் தாடை உடைந்துவிட்டது. அவர் பெயரில் 14 லட்ச ரூபாய்க்கு வாங்கிய கார். மூன்றரை ஆண்டுகள் ஆகின்றன. "வாரண்டி முடிந்துவிட்டது, ஏர்பேக் விரியும் அளவுக்கு மோதலும் இல்லை" என்று கம்பெனி கைவிரிக்கிறது. இன்சூரன்ஸில் 'டோட்டல் லாஸ்' என்று பணம் தருகிறார்களாம். காரை ஒப்படைக்கச் சொல்கிறார்கள். வழக்குப் போடலாமா ஐயா?
- வாசகி, விழுப்புரம்

பதில்: போடலாம் அம்மா. ஆனால் அதற்கு முன், காரை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். பிரித்துப் பார்க்கவும் சம்மதிக்காதீர்கள். உங்கள் வழக்கின் முதல் சாட்சி அந்தக் கார்தான். ஏர்பேக்கை இயக்கும் கன்ட்ரோல் யூனிட் அதற்குள் இருக்கிறது. மோதியபோது வேகம் எப்படிக் குறைந்தது, பெல்ட் மாட்டியிருந்ததா என்பதெல்லாம் பல மாடல்களில் அதில் பதிவாகியிருக்கும். கார் காயலான் கடைக்குப் போய்விட்டால் கம்பெனி சொல்வதை மறுக்க உங்கள் கையில் எதுவும் மிஞ்சாது. நிபுணர் அறிக்கை இல்லாமல் தோற்றுப்போன ஏர்பேக் வழக்குகள் உண்டு.

எனவே, வழக்குக்காகக் காரை வைத்திருக்க வேண்டியிருக்கிறது என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இன்றே பதிவுத் தபால் அனுப்புங்கள். சால்வேஜ் மதிப்பைக் கழித்துக்கொண்டு மீதியைத் தரும்படி கேட்டுப்பாருங்கள். வழக்குத் தாக்கல் செய்யும்போதே, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 38-ஆவது பிரிவின்படி தகுந்த பரிசோதனைக்கு உத்தரவிடக் கோரி தனி மனுவும் போடுங்கள்.

கம்பெனியின் பதிலைப் பார்த்து மலைக்க வேண்டாம். இதே வாதத்தை 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஹூண்டாய் நிறுவனத்தின் மேல்முறையீடு அது. 2015-இல் வாங்கிய கிரெட்டா கார் 2017-இல் டெல்லி - பானிபட் நெடுஞ்சாலையில் விபத்துக்குள்ளானது, ஏர்பேக் விரியவில்லை. மோதலின் விசையைக் கணக்குப் போட்டுப் பார்க்க நுகர்வோர் இயற்பியல் நிபுணராக இருக்க வேண்டியதில்லை என்று நீதிபதிகள் சொன்னார்கள். ஏர்பேக்கில் கோளாறு இருப்பது மோதும்போதுதான் தெரியவரும் என்பதால், காலவரம்பும் அப்போதிருந்தே தொடங்கும் என்றார்கள். 3 லட்ச ரூபாய் இழப்பீட்டோடு வேறு கார் தரும்படி டெல்லி மாநில ஆணையம் போட்ட உத்தரவு நிலைத்தது. என்னைக் கேட்டால், கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய தீர்ப்பு இது.

வாரண்டி முடிந்தது என்பதும் சரியான பதில் அல்ல. வாரண்டி, பழுது பார்த்துத் தருவது பற்றியது. உங்கள் வழக்கோ குறையுள்ள பொருளால் உடம்புக்கு ஏற்பட்ட சேதம் பற்றியது. தயாரிப்பிலோ வடிவமைப்பிலோ குறை இருந்தால் 84-ஆவது பிரிவின்படி உற்பத்தியாளர் பொறுப்பேற்க வேண்டும்.

கம்பெனி வேறு மூன்று கேள்விகளை எழுப்பும். பெல்ட் போட்டிருந்தாரா? முன்னால் இரும்பு கார்டு மாட்டியிருந்தீர்களா? வெளியில் எங்காவது ஒயரிங் வேலை செய்தீர்களா? பொருளை மாற்றியமைத்திருந்தால் 87-ஆவது பிரிவைக் காட்டித் தப்பிக்கப் பார்ப்பார்கள். அதனால் சர்வீஸ் பில்கள் அத்தனையும் தேடி எடுத்துவையுங்கள். கணவரின் மார்பில் பெல்ட் அழுந்திய காயம் மருத்துவக் குறிப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். எஃப்.ஐ.ஆர்., பிரேக் இன்ஸ்பெக்டர் அறிக்கை, விபத்து இடத்துப் புகைப்படங்கள், ஏர்பேக்கைப் பெருமையாகச் சொல்லி விற்ற விளம்பரத் துண்டறிக்கை எல்லாம் வேண்டும்.

விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். கம்பெனிக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருப்பதால் அந்தக் கெடு நீளாது. நீங்கள் குடியிருக்கும் விழுப்புரத்திலேயே, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் கணவர் பெயரில் மனுச் செய்யலாம். கட்டணம் 400 ரூபாய். டீலரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். காரின் மதிப்பை இன்சூரன்ஸில் வாங்கிவிட்டால் அதையே இங்கே மறுபடி கேட்க முடியாது. சிகிச்சைச் செலவு, வருமான இழப்பு, மன உளைச்சல் ஆகியவற்றுக்குக் கேளுங்கள்.

மத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் வாகன் தளத்திலும் புகாரைப் பதியுங்கள். ஒரே மாடலில் இப்படிப் புகார்கள் சேர்ந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவின்படி அந்த வண்டிகளைத் திரும்பப் பெற அரசு உத்தரவிடலாம்.

இதற்கிடையில் கம்பெனி ஆட்கள் வந்து, இலவசமாகச் சரிசெய்து தருகிறோம், 'முழுத் திருப்தி' என்று ஒரு கையெழுத்து மட்டும் போடுங்கள் என்றால், போடாதீர்கள்.