குன்னூர் ஏற எத்தனை ஜூல் வேணும்?

ஜூலை மாசம் வந்தா போதும், ஹாஸ்டல்ல யாராவது ஒருத்தர் லேப்டாப்ல டூர் டி பிரான்ஸ் ஓடிக்கிட்டே இருக்கும். ஆல்ப்ஸ் மலை, வளைஞ்சு வளைஞ்சு போற ரோடு, ரெண்டு பக்கமும் கத்துற ஜனம். "மச்சி, வேலைக்குப் போயி முதல் போனஸ்ல அங்க சைக்கிள் ஓட்டுறோம்டா"ன்னு ஒரு சபதமும் நடக்கும். போகலாம், நல்லதுதான். ஆனா பிளைட் டிக்கெட், ஷெங்கன் விசா எல்லாம் கைக்கு வர்ற வரைக்கும் சும்மா இருக்கணுமா? திருப்பூர்ல இருந்து பார்த்தா வடமேற்குல ஒரு மலை தெரியுதே, அதை யாரும் கணக்குல எடுத்துக்கிறதே இல்லை.

சில எண்களைப் பாருங்க. டூர் டி பிரான்ஸ்ல அடிக்கடி வர்ற கொல் டு கலிபியே கணவாயோட உயரம் 2,642 மீட்டர். நம்ம தொட்டபெட்டா 2,637 மீட்டர். வித்தியாசம் வெறும் 5 மீட்டர், நம்ம டிபார்ட்மென்ட் பில்டிங்கோட ஒண்ணரை மாடி. 1952-ல முதன்முதலா டூர்ல வந்த ஆல்ப் டுவெஸ் ஏற்றம் 13.8 கிமீ, 21 கொண்டை ஊசி வளைவு, சராசரி சரிவு 8.1 சதவீதம். அந்த முதல் வருஷம் ஜெயிச்சவர் இத்தாலிக்காரர் ஃபௌஸ்டோ கோப்பி. மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் போற ரோட்டுல 14 கொண்டை ஊசி வளைவு. சரிவு அதைவிடக் குறைவு, ஆனா தூரம் ரெண்டு மடங்குக்கும் மேல. ஆல்ப்ஸுக்கும் நீலகிரிக்கும் வேற ஒரு சொந்தமும் உண்டு. நம்ம மலை ரயில்ல இருக்கிற பல்சக்கர அமைப்பு சுவிட்சர்லாந்து பொறியாளர் ரோமன் ஆப்ட் கண்டுபிடிச்சது.

இந்தக் கட்டுரையில நான் சொல்ல வர்றது மூணு நாள் பயணத் திட்டம் ஒண்ணு. முதல் நாள் திருப்பூர் டு மேட்டுப்பாளையம், ரெண்டாம் நாள் குன்னூர் ஏற்றம், மூணாம் நாள் கோத்தகிரி வழியா இறக்கம். முதல் செமஸ்டர் பிசிக்ஸ் இதுக்குப் போதும். எம்ஜிஎச் ஞாபகம் இருக்கா? அதேதான்.

ஏற்றத்தின் கணக்கு

மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் கடல் மட்டத்துக்கு மேல 325 மீட்டர் சொச்சம். குன்னூர் ரயில் நிலையம் ஏறத்தாழ 1,712. வித்தியாசத்தை 1,400 மீட்டர்னு வெச்சுக்கலாம். ஆள் 60 கிலோ, சைக்கிள் 14, பையும் தண்ணியும் 6. ஆக 80 கிலோ. 80 × 9.81 × 1,400 போட்டா கிட்டத்தட்ட 11 லட்சம் ஜூல். டயர் உருளும் தடை, காத்துத் தடை ரெண்டுக்கும் இன்னொரு ரெண்டரை லட்சம் சேர்த்தா மொத்தம் பதிமூணரை லட்சம் ஜூல்.

இப்ப இதை நேரமா மாத்தணும். தொடர்ந்து 100 வாட் குடுக்கிற ஆளுக்கு 13,500 வினாடி, அதாவது மூணே முக்கால் மணி நேரம். 120 வாட்டுன்னா மூணு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. 150 வாட் குடுக்க முடிஞ்சா ரெண்டரை மணி நேரம். ஓய்வு நேரம் இதுல சேராது. மேட்டுப்பாளையத்துல காலைல 7.10-க்குக் கிளம்புற மலை ரயிலே குன்னூர் போய்ச் சேர மூணு மணி நேரத்துக்கு மேல எடுக்குது. அதனால நீங்க ஒண்ணும் மெதுவான ஆள் இல்லை. (கல்லாறுக்கு மேல ரயில் ஏறுற சரிவு 12-க்கு 1, அதாவது 8.33 சதவீதம். ஆல்ப் டுவெஸ் சரிவும் கிட்டத்தட்ட அதேதான். ரோடு கொஞ்சம் சுத்திப் போறதால நமக்கு சராசரி 5 சதவீதம் சொச்சம்தான் வரும்.)

சரி, நம்மளால எத்தனை வாட் முடியும்னு எப்படித் தெரியும்? பவர் மீட்டர் வாங்குற காசுக்கு இன்னொரு சைக்கிளே வாங்கலாம். அதுக்கு பதிலா ஊத்துக்குளி வழியா சென்னிமலை போங்க. படியில போனா 1,320 படி. நமக்கு வண்டி போற மலைப்பாதை இருக்கு. அடிவாரத்துலயும் மேலயும் போன்ல உயரம் குறிச்சுக்கோங்க, நேரத்தையும் எடுத்துக்கோங்க. உதாரணத்துக்கு 150 மீட்டர் உயரத்தை 20 நிமிஷத்துல ஏறினா, 80 × 9.81 × 150 ÷ 1,200, அதாவது 98 வாட். உருள் தடைக்கு ஒரு பத்து சதவீதம் கூட்டிக்கலாம். ஆனா இது 20 நிமிஷத்துக்கான எண். மூணு மணி நேரம்னா அதுல முக்கால் பங்குதான் நிக்கும்னு வெச்சுத் திட்டம் போடுங்க. முதல் அரை மணி நேரத்துல ஃப்ரெண்டுக்கு முன்னாடி கெத்து காட்டுறவங்கதான் பர்லியாறு பழக்கடையில படுத்துக் கிடப்பாங்க.

அடுத்து கியர். வீட்டுல இருக்கிற அப்பாவோட சைக்கிள்ல முன்னாடி 44 பல், பின்னாடி 18 பல்லுன்னு வைங்க. பெடல் ஒரு சுத்து சுத்தினா வண்டி 5.4 மீட்டர் போகும். 120 வாட்ல இந்த ஏற்றத்துல வேகம் மணிக்கு 8.7 கிமீ வரும். அப்படின்னா நிமிஷத்துக்கு 27 சுத்துதான் மிதிக்க முடியும். 17 சென்டிமீட்டர் கிராங்க்ல சராசரி விசை 250 நியூட்டன், உச்சத்துல அதுல ஒண்ணரை மடங்குக்கு மேல. 60 கிலோ ஆள் ஒவ்வொரு மிதிக்கும் உடம்பு எடையில பெரும் பங்கைத் தூக்கிப் போடணும், அதுவும் மூணு மணி நேரம். முட்டி பேசும்.

அதே வேகம், அதே வாட். முன்னாடி 28 பல், பின்னாடி 28 பல் இருக்கிற கியர் சைக்கிள்ல நிமிஷத்துக்கு 69 சுத்து, சராசரி விசை 100 நியூட்டனுக்கும் கீழ. ஆற்றல் ஒரு ஜூல் கூடக் குறையலை, தசைக்கு வர்ற சுமை மட்டும் குறைஞ்சிடுச்சு. அதனால சைக்கிள் வாங்கும்போதோ இரவல் கேக்கும்போதோ "எத்தனை கியர்?"னு கேக்காதீங்க. "சின்ன செயின் வீல்ல எத்தனை பல், பெரிய ஃப்ரீவீல்ல எத்தனை பல்?"னு கேளுங்க. ரெண்டும் சமமா இருந்தா குன்னூருக்குப் போதும். ரோடு பைக்ல 34-க்கு 28 இருந்தாலும் சமாளிக்கலாம், கொஞ்சம் அழுத்தி மிதிக்கணும்.

சாப்பாட்டுக்கு ஒரு சுலபக் கணக்கு இருக்கு. மனுஷ உடம்போட திறன் கிட்டத்தட்ட 24 சதவீதம், ஒரு கிலோகலோரிக்கு 4.18 கிலோஜூல். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். அதனால பெடல்ல குடுக்கிற ஒரு கிலோஜூலுக்கு ஒரு கிலோகலோரி சாப்பாடுன்னு வெச்சுக்கலாம். நமக்கு 1,350 கிலோகலோரி, இட்லியில சொன்னா இருபத்தஞ்சு தாண்டும்! அத்தனையும் காலைல தின்னுட்டு ஏற முடியாது. முந்தின நாள் ராத்திரி நல்லா சோறு சாப்பிடுங்க, ஏறும்போது மணிக்கு ஒரு வாழைப்பழம், ஒரு கடலைமிட்டாய், அரை லிட்டருக்குக் குறையாம தண்ணி. தண்ணிக்கு சொந்த பாட்டில் கொண்டு போங்க, நீலகிரியில பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்குத் தடை இருக்கு.

இறக்கம்தான் உண்மையான பரீட்சை

ஏறும்போது தப்பு நடந்தா மூச்சு வாங்கும், இறங்கித் தள்ளிக்கிட்டுப் போகலாம். இறங்கும்போது அந்த வசதி கிடையாது. மேல ஏத்தி வெச்ச 11 லட்சம் ஜூலும் கீழ வர்றதுக்குள்ள எங்கயாவது போயாகணும். போறதுக்கு மூணே வழி: காத்து, டயர், பிரேக்.

மணிக்கு 25 கிமீ வேகத்துல பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே பயந்து பயந்து இறங்குறீங்கன்னு வைங்க. 25 கிமீ இறக்கத்துக்கு ஒரு மணி நேரம். காத்து ஏறத்தாழ 3 லட்சம் ஜூல், டயர் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல எடுத்துக்கும். மீதி 6 லட்சம் ஜூலுக்கு மேல பிரேக்குக்குத்தான். ஒரு மணி நேரம் முழுக்க 170 வாட் சொச்சம் சூடு ரெண்டு ரிம்முக்குள்ள இறங்குது. ரிம் சூடானா டியூப்ல இருக்கிற காத்து விரியும். பிரேக் கட்டை வழவழன்னு ஆகி பிடிப்பு குறையும். மோசமான நிலையில டியூப் வெடிக்கும், அதுவும் முன் சக்கரத்துல, அதுவும் வளைவுல.

காரு, பஸ்ஸுக்கு இஞ்சின் பிரேக்கிங் உண்டு, அதனாலதான் மலையில முதல், ரெண்டாம் கியர்ல வரச் சொல்லி போர்டு வைக்கிறாங்க. சைக்கிளுக்கு ஃப்ரீவீல், இஞ்சினும் இல்லை. நமக்கு இருக்கிற ஒரே இலவச பிரேக் காத்துதான். அது வேகத்தோட இருமடியில கூடும். நேரான இடத்துல நிமிர்ந்து உக்காந்து நெஞ்சால காத்தை வாங்குங்க. வளைவுக்கு முன்னாடி, வண்டி நேரா இருக்கும்போதே ரெண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடிச்சு வேகத்தைக் குறைச்சு, அப்புறம் முழுசா விட்டுடுங்க. விடுற நேரத்துலதான் ரிம் ஆறும். வளைவுக்குள்ள சாய்ஞ்சுக்கிட்டு பிரேக் பிடிக்கிறதுதான் பெரும்பாலும் ஆளைக் கீழ தள்ளும். அதுக்காக 40-ல போகச் சொல்லலை. 25-ல இருந்து முழுசா நிக்க, காஞ்ச ரோட்டுல பிரேக் பிடிச்ச பிறகு மட்டும் 8 மீட்டர் சொச்சம் வேணும். நனைஞ்ச ரிம்முன்னா ரெண்டு மடங்குக்கும் மேல. அடுத்த வளைவு வரைக்கும் கண்ணுக்குத் தெரியிற தூரத்துக்குள்ள நிக்க முடியிற வேகம் எதுவோ, அதுதான் உங்க வேகம்.

கொண்டை ஊசி வளைவுல பஸ் திரும்பும்போது உள்பக்கமா நுழையாதீங்க. பின் சக்கரம் முன் சக்கரத்தோட தடத்துல வராது, உள்ளே வெட்டித்தான் வரும். ஏறி வர்ற வண்டிக்கு வழி விடுறது மலைப்பாதையோட விதி, சைக்கிளுக்கும் அது பொருந்தும். கிளம்புறதுக்கு முந்தின வாரமே பிரேக் கட்டை, கேபிள் ரெண்டையும் புதுசா மாத்திடுங்க. நூறு, இருநூறு ரூபாய் செலவுல இதைவிட உருப்படியான காரியம் எதுவும் இல்லை. கல்லட்டி பத்தி சிலர் கேப்பீங்க. 2008-ல ஆரம்பிச்ச டூர் ஆஃப் நீல்கிரிஸ் பயணத்துல பேர்போன 36 கொண்டை ஊசி வளைவு அது. முதல் பயணத்துக்கு வேண்டவே வேண்டாம்.

பனியன் விஷயம்

நம்ம ஊர்ல இருந்துக்கிட்டு துணி பத்திப் பேசலைன்னா எப்படி? மேல போகப் போக 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி வீதம் குளிர் கூடும்; குன்னூர் மேட்டுப்பாளையத்தைவிட ஏறத்தாழ 9 டிகிரி குறைவு. வேர்த்து ஊறிப் போன காட்டன் டி-ஷர்ட்டோட இறங்க ஆரம்பிச்சா என்ன ஆகும்? காட்டன் இழை ஈரத்தை உள்ளுக்குள்ளயே வாங்கி வெச்சுக்கும். சாதாரணக் காத்துலயே அதோட ஈரப்பதம் 8.5 சதவீதம், பாலியஸ்டருக்கு 0.4-தான். துணியில 200 கிராம் வேர்வை நின்னா அது ஆவியாக 4.8 லட்சம் ஜூல் வேணும். அதுல ஒரு பெரும் பங்கு உங்க உடம்புச் சூட்டுல இருந்துதான் போகும். விரல் மரத்துப் போச்சுன்னா பிரேக் லீவரை யார் பிடிக்கிறது?

அதனால ஏறுறதுக்கு மெல்லிசான பாலியஸ்டர் நிட், இப்ப நம்ம யூனிட்டுகள்லயே ஓடுது. மேல போனதும் மாத்திக்க பைக்குள்ள காஞ்ச காட்டன் பனியன் ஒண்ணு, காத்து புகாத ஜாக்கெட் ஒண்ணு. கூடவே ஒரு கைப்பிடி பனியன் வேஸ்ட், செயின் துடைக்க அதைவிட நல்ல துணி உலகத்துல கிடையாது.

எப்ப, எந்த வழி

திருப்பூர், அவிநாசி, கருவலூர், அன்னூர், மேட்டுப்பாளையம், 50 கிமீ-க்கு மேல வரும். காலைல அஞ்சரைக்குக் கிளம்பினா வெயிலுக்கு முன்னாடி சேர்ந்துடலாம். அன்னிக்கே மலை ஏறாதீங்க. ரூம் போட்டுத் தூங்குங்க. மறுநாள் நல்லா விடிஞ்ச பிறகுதான் கல்லாறு தாண்டணும்; அது யானை கடக்கிற பாதை, இருட்டுல அங்க சைக்கிளுக்கு வேலை இல்லை. ஆறரைக்குக் கிளம்பினா டூரிஸ்ட் வண்டிக் கூட்டம் வர்றதுக்குள்ள பாதி ஏறிடலாம்.

அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில குன்னூர்ப் பாதையில மண்சரிவு வழக்கம். 2009 நவம்பர்ல நீலகிரியில நாப்பதுக்கும் மேல உயிர் போச்சு. மே மாசம் கூட்டம். அந்த சீசன்ல குன்னூர் வழியா மேல, கோத்தகிரி வழியா கீழன்னு ஒருவழிப் பாதை போடுறது உண்டு. நம்ம திட்டமும் அதே திசைதான். பின்னாடி துணைக்குக் கார் வருதுன்னா அதுக்கு இ-பாஸ் எடுக்கணும், 2024 மே 7-ல இருந்து இந்த நடைமுறை.

ஜனவரி கடைசி, பிப்ரவரிதான் என் ஓட்டு. மழை இல்லை, தெளிவான வானம். ஒரே சிக்கல் காத்து. ஜூன் முதல் பாலக்காட்டுக் கணவாய் வழியா மேற்குக் காத்து அடிக்கும். பல்லடம், உடுமலை பக்கம் காற்றாலை நிக்கிறதே அதுக்காகத்தான். 20 கிமீ வேகத்துல போற உங்க மேல 20 கிமீ எதிர்க்காத்து அடிச்சா காத்துத் தடை நாலு மடங்கு. குளிர்காலத்துல திசை மாறி கிழக்குல இருந்து வீசும். அப்ப போகும்போது முதுகைத் தள்ளும், திரும்பும்போது மூஞ்சியில அடிக்கும். மூணாம் நாள் கோத்தகிரி இறங்கி வந்த காலோட மேட்டுப்பாளையத்துல இருந்து வீடு வரைக்கும் அதை எதிர்த்து மிதிக்கணும். அதனால அன்னூர் டீக்கடைக்கு அரை மணி நேரம் கூடவே எழுதி வெச்சுக்கோங்க.